அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவே ஆல்வேஸ்

வார்த்தைகளுக்கெல்லாம் வீடு வாசல் இருந்த அந்தக் காலத்தில், நாம் அவற்றைப் பேசியது போக மிச்ச நேரத்தில் அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பேசிக்கொள்ளும் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நேரம் சண்டைதான்.

ஆங்கில வார்த்தைகள் ஒரு வாய்க்குள் குடியிருந்தன. அந்த வாய் எந்தத் துரைசானியுடையது, அவள் என்ன சாப்பிட்டாள் என்பதெல்லாம் இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம். நாக்கின் அடிவாரத்தில் ஊர். நாக்குதான் தெரு. தெருக்கோடியில் பல்வரிசை, அதுதான் ஊர்க்கதவு. வாய் திறந்ததும் எந்த வீட்டுக்கு அழைப்பு வருகிறதோ அந்த வீட்டார் வரிசையாக நடந்து, கதவைத் தாண்டி, வெளியே காற்றில் போய் நிற்க வேண்டும். எதிரில் இருப்பவர் காதில் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது, திரும்பி வந்துவிடலாம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மூச்சு தீர்வதற்குள் எல்லோரும் கதவைத் தாண்டியாக வேண்டும். கதவு மூடிய பிறகு நாக்கில் மாட்டிக்கொண்ட வார்த்தையை அந்த வாய் எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட வார்த்தை திரும்பி வந்ததே கிடையாது. அது ஒரு சாவு. இன்னொரு சாவும் உண்டு. வெகுநாள் யார் காதிலும் விழாத வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். ஒருநாள் பார்த்தால் இருந்த இடத்தில் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கே அதன் பெயர் ஞாபகம் வராது.

அந்தத் தெருவில் ஒரு வீட்டின் தலைவி ஐ. நம் மொழியில் நான். ஒற்றை எழுத்து ஆள், அதற்கே அத்தனை மிடுக்கு. மற்ற வார்த்தைகள் வரிசையின் தலைப்பில் நிற்கும்போது மட்டும் பெரிய எழுத்தாக நிமிர்ந்துகொள்ளும். ஐ எங்கே நின்றாலும் பெரிய எழுத்துதான். அவள் குனிந்து யாரும் பார்த்ததில்லை.

அவள் மகன் ஹேவ். ஹேவ் என்றால் ஒரு காலத்தில் கையில் வைத்திருப்பவன் என்று அர்த்தம். கௌரவமான அர்த்தம். கல்யாணம் ஆனதும் அதை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோனான். அதற்குப் பிறகு அவனுக்கென்று சொந்தமாக ஓர் அர்த்தமும் இல்லை. பெண்டாட்டிக்கு முன்னால் நின்று, காரியம் ஆகிவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பதோடு சரி. காரியத்தைச் செய்தவள் பின்னால் நிற்கிறாளே, அவளைத்தான் கேட்க வேண்டும்.

அவள் பெயர் டோல்டு. பிறந்த வீட்டில் டெல் என்று கூப்பிட்டார்கள். சொல்வது அவள் வேலை. நம் ஊரில் கல்யாணமானால் பெண்ணுக்கு இனிஷியல் மாறும். அந்த வீட்டில் உயிரெழுத்தையே மாற்றிவிட்டார்கள். டெல் என்று படியேறினவள் டோல்டு ஆனாள். ஹேவைப் போலவே துணைவினைகளான எதிர்வீட்டு வில்லுக்கும் கோடிவீட்டு கேனுக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள் பிறந்த வீட்டுப் பெயரோடேயே சௌகரியமாக இருந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் டோல்டுக்கு வயிறு எரியும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஒரே பிள்ளை, ட்ரூத். நாமாக இருந்தால் உண்மை என்று கூப்பிட்டிருப்போம். இடுப்பில் தி என்று ஓர் அரைஞாண் கயிறு. கயிற்றின் நுனியைத் தாய் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். பிள்ளை பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவான். உண்மை என்றைக்கு வேகமாக நடந்திருக்கிறது?

ஐ ஹேவ் டோல்டு தி ட்ரூத். நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டு வரிசை இதுதான். மாமியார், மகன், மருமகள், பேரன். அளவான குடும்பம்.

அளவுக்கு மேல் ஒருத்தி இருந்தாள். ஹேவின் தங்கை, ஆல்வேஸ். எப்போதும் என்று அர்த்தம். எப்போதும் இருப்பாள், எங்கே இருப்பாள் என்பதுதான் அந்த வீட்டில் தீராத பிரச்சினை. வினையடை வம்சத்தில் பெண்களைக் கட்டிக்கொடுக்கும் பழக்கம் கிடையாது. பிறந்த வீட்டோடுதான் காலம் தள்ள வேண்டும். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஜம்மென்று நடந்தாள். அண்ணன் கையில் எது இருந்தாலும் அதில் அவளுக்கும் பங்கு உண்டு.

டோல்டு வந்த மறுநாளே ஐ மகளைக் கூப்பிட்டு நடுவிலிருந்து நகரச் சொல்லிவிட்டாள். மகனில் பாதியை வந்தவள் வாங்கிக்கொண்டாள், மிச்சமிருக்கும் பாதிக்கும் எனக்கும் நடுவில் நீ வேறு நிற்காதே என்று முகத்துக்கு நேரே சொன்னாள். ஆல்வேஸ் வரிசையின் தலைப்புக்குப் போனாள். அதுவும் ஐக்கு ஆகவில்லை. தனக்கு முன்னால் இன்னொருத்தி முதுகு தெரிவதை அவளால் தாங்க முடியாது. கடைசியில் போய் நில்லு என்று துரத்தினாள்.

கடைசி என்றால் பேரனுக்கும் பின்னால். அங்கே போய்ச் சேர்வதற்குள் மூச்சு முக்கால்வாசி தீர்ந்திருக்கும். பாதி நாள் ஆல்வே என்பதோடு கதவு இடிக்கும். மீதி நாள் முழுசாக வெளியே வந்தாலும் கேட்பவர் ட்ரூத் வரைக்கும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பியிருப்பார். ஆல்வேஸ் வெளுக்க ஆரம்பித்தாள். வெயில் நேரத்தில் அவளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைவாய்ப்பல் அவள் வழியாகவே தெரிந்தது.

வெளுக்க வெளுக்க அவள் கண் மட்டும் கூர்மையாயிற்று. கடைசியில் நிற்பவளுக்கு எல்லோர் முதுகும் தெரியும் அல்லவா. அண்ணன் தன் நடையைப் பெண்டாட்டிக்காகக் குறைத்துக்கொள்வது தெரிந்தது. அண்ணி ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் அவன் பின்னால் ஒட்டி நடப்பது தெரிந்தது. எனக்கு இருந்த இடம், என் அண்ணன், எங்கிருந்தோ வந்த இவள் உயிரெழுத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டுவிட்டாள் என்று அவளுக்குப் புகைந்தது. தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அண்ணி பிறந்த வீட்டில் வெறும் டெல், இங்கே வந்துதான் வால் முளைத்தது என்று எதிர்வீட்டில் போய்ச் சொன்னாள். அது டோல்டு காதுக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும்?

ஆல்வேஸுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. டோல்டு ஒட்டி நடந்தாளே தவிர, ஹேவ் ஒட்டவில்லை. வாய்க்கு அவசரம் வந்தால் போதும், அவன் ஓடிப்போய் அம்மாவோடு ஒட்டிக்கொள்வான். ஐயும் ஹேவும் சேர்ந்து ஐவ் என்று ஒரே வார்த்தையாகிவிடுவார்கள். ஆறடி ஆள், அம்மா இடுப்பில் அரை எழுத்தாகச் சுருங்கி உட்கார்ந்திருப்பான். டோல்டு தனியாகப் பின்னால் வருவாள். கல்யாணமானதிலிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது அவன் தன்னோடு அப்படி ஒட்டிக்கொள்வானா என்று பார்த்தாள். அவன் வம்சத்தில் அந்தப் பழக்கம் இல்லை. நம் தமிழ் வீட்டைப் பாருங்கள். சொல்லியிருக்கிறேன். சொல்லி என்ற பெண்டாட்டி முன்னால், இருக்கிறேன் என்ற புருஷன் பின்னால், இரண்டு பேரும் ஒட்டி ஒரே சொல். ஏகாரமோ உம்மையோ இடுக்கில் நுழைந்தால் உண்டு, வேறு யாரும் நடுவில் தலையை நீட்ட முடியாது. அந்தக் கொடுப்பினை டோல்டுக்கு இல்லை.

அதனால் அவள் தன் ஆசையை எல்லாம் பிள்ளை மேல் வைத்தாள். கயிற்றை விடவே மாட்டாள். இதைப் பார்த்து ஹேவுக்கு ஒரு பொறாமை. திரும்பிப் பார்த்தால் அவள் கண் அவன் மேல் இருக்காது, பின்னால் வரும் பிள்ளை மேல் இருக்கும். பெற்ற பிள்ளையோடு போட்டியா என்று கேட்டால் இல்லை என்பான். ஆனால் அன்றைக்கு முழுவதும் உம்மென்றிருப்பான்.

இப்படி ஆளாளுக்கு ஒரு புகைச்சலோடு அந்த வரிசை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் பெரிய வேலை வந்தது. அந்த வாய்க்குரியவளை யாரோ பொய்க்காரி என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்கள். அவள் எழுந்து நின்று, நான் எப்போதும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அழைப்பு. ஆல்வேஸுக்குந்தான். அன்றைக்கு அவள் இல்லாமல் காரியம் ஆகாது.

ஐ புறப்படும்போதே மகளிடம் கடைசியில் போய் நிற்கச் சொல்லி, வரிசையைக் குழப்பினால் நடப்பதே வேறு என்றும் சொல்லிவைத்தாள். ஆல்வேஸ் தலையாட்டினாள். ஆனால் மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. இன்றைக்கும் கடைசியில் நின்று பாதியில் இடிபட்டால் வெளுத்து மிச்சமிருப்பதும் போய்விடும். எங்கேயாவது உள்ளே நுழைந்தாக வேண்டும். அம்மா பக்கத்தில் நுழைய முடியாது. அண்ணனும் அண்ணியும் அட்டைபோல ஒட்டிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைதான் பின்தங்கி வருகிறான். அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் ஒரு கயிற்றளவு இடம் சும்மாத்தானே கிடக்கிறது?

கல்யாணம் ஆகாதவள் போட்ட கணக்கு அது. வீட்டில் எந்த இடைவெளி கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறதோ அதுதான் காலி இடம் என்று நினைத்துவிட்டாள்.

வாய் திறந்தது. ஐ போனாள். ஹேவ் போனான். டோல்டு கதவருகில் போனாள். ஆல்வேஸ் பாய்ந்து கயிற்றைத் தாண்டி உள்ளே நுழைந்தாள். நுழைந்த வேகத்தில் கயிறு டோல்டின் கையிலிருந்து நழுவியது. ஐ ஹேவ் டோல்டு ஆல்வேஸ் என்று நான்கு பேரும் வெளியே வந்து காற்றில் நின்றார்கள். வாய்க்கே ஏதோ இடறியது. சொன்னாள் சரி, எதைச் சொன்னாள் என்று தெரியாமல் அது ஒரு கணம் விழித்தது. அந்த விழிப்பிலேயே மூச்சு தீர்ந்தது. பல்வரிசை இறங்கத் தொடங்கியது.

ட்ரூத் நாக்கின் நடுவில் உட்கார்ந்து, கால்விரலில் ஒட்டிய எச்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டோல்டு கையைப் பார்த்தாள். கயிறு இல்லை. திரும்பினாள். வரிசையை விட்டு எந்த வார்த்தையும் திரும்பக் கூடாது, அவள் திரும்பினாள். இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பல்லுக்கு நடுவில் கையைக் கொடுத்தாள். கீழ்ப்பல்லில் மாட்டியிருந்த கயிற்று நுனி விரலில் பட்டது. பிடித்து இழுத்தாள். முதலில் தி வந்தது. அப்புறம் ட்ரூத் வந்தான், தலைகீழாக. அவன் குதிகாலை உரசிக்கொண்டு கதவு மூடியது.

எதிரில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பொய்க்காரிக்கு உண்மை என்று நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை பார் என்றார்கள். அந்த வாய் சிவந்து, மறுபடியும் சொல்வதற்காக மூச்சை இழுக்க ஆரம்பித்தது. ஒரு மூச்சு இழுக்கும் நேரந்தான் அவர்களுக்கு இருந்தது.

ஐ மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ இல்லாமலே போவோம். இந்த வீட்டுக்கு நாலு பேர் போதும்" என்றாள்.

அப்படிப் போனால் ஆல்வேஸ் அங்கேயே காற்றோடு போக வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், பெற்றவளுக்கும் தெரியும். ஆல்வேஸ் அண்ணனைப் பார்த்தாள். ஹேவ் அம்மாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். காற்றில் ஏது தரை? இருந்தாலும் பார்த்தான்.

டோல்டு பிள்ளையின் இடுப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"என் பிள்ளை மேல உனக்கு என்னடி கோபம்?"

"பிள்ளை மேல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள் ஆல்வேஸ். அவள் குரலும் வெளுத்துத்தான் இருந்தது. "கோபம் உங்க மேலதான். அண்ணன் பக்கத்துல நான் நின்னுட்டிருந்தேன். நீங்க வந்தீங்க. அண்ணன் பக்கம் நீங்க, கடைசியில நான்."

"அதுவா வேணும் உனக்கு? அவர் பக்கத்துல இடமா?" டோல்டு சிரித்தே விட்டாள். "எடுத்துக்கோ."

ஆல்வேஸ் நம்பவில்லை. டோல்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். ஹேவுக்கும் அவளுக்கும் நடுவில் முதல்முறையாக ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விழுந்தது.

"அவர் என்னைக்கு என்கிட்ட ஒட்டினார்? அவசரம்னா அவங்க அம்மாகிட்ட போய் ஐவ்னு ஒட்டிக்கிறவர். அந்த இடத்தைக் கட்டிக் காத்து நான் என்னத்தைக் கண்டேன்? நீ நில்லு. எனக்கு முன்னாடி, என் கண்ணு முன்னாடியே நில்லு. ஆனா இனிமே எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவுல ஒரு எழுத்து வந்துச்சுன்னாலும் நான் நடக்க மாட்டேன். நான் நடக்கலைன்னா இந்த வீட்டுல யார் என்னத்தைச் சொல்லிடுவீங்கன்னு பாக்குறேன்."

இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு யாரும் உருக வேண்டாம். அவள் கணக்குப் போட்டுத்தான் பேசினாள். நாத்தனாரைக் கடைசியில் விட்டால் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பாள், மறுபடியும் கைவரிசையைக் காட்டுவாள். முன்னால் நிறுத்திவிட்டால் அவள் முதுகு எந்நேரமும் பார்வையில் இருக்கும். பிள்ளை தன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பான். இதற்கு விலையாகப் புருஷன் பக்கத்து இடம் போகிறதென்றால் போகட்டும். அவளுக்குப் புருஷன் மேலும் பிடிப்பு இருந்தது, பிள்ளை மேலும் இருந்தது. எது பெரியது என்று அன்றுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

ஐ யோசித்தாள். தனக்கு முன்னால் யாரும் வரவில்லை. தனக்கும் மகனுக்கும் நடுவிலும் யாரும் வரவில்லை. மருமகள் ஓர் ஆள் தள்ளிப் போகிறாள். இதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? சரி என்றாள்.

ஹேவின் முகந்தான் தொங்கிப்போயிற்று. இந்த நாத்தனார் சண்டை தன்னை வைத்துத்தான் என்று அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தான். பழைய துணியை வேலைக்காரிக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டாளே.

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றான்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள் டோல்டு.

அவன் யோசித்துப் பார்த்தான். சொந்தமாகச் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை.

அதற்குள் வாய் மூச்சை இழுத்து முடித்திருந்தது. எல்லோரும் உள்ளே ஓடி வரிசை கட்டினார்கள். கதவு திறந்தது. ஐ ஹேவ் ஆல்வேஸ் டோல்டு தி ட்ரூத். ஒருவர்கூட இடறவில்லை. வரிசையின் நடுவில், மூச்சு நிறைந்து ஓடும் இடத்தில் நின்ற ஆல்வேஸ் கணீரென்று போய்க் காதுகளில் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே அவளுக்கு நிறம் திரும்பியது. அவளுக்குப் பின்னால் டோல்டும், டோல்டை ஒட்டிப் பிள்ளையும், முழுசாக, நேராக, தலை மேலாக வந்தார்கள். எதிரில் சிரித்த நாலு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எப்போதும் என்பதை அந்த வாய்க்குரியவள் சொன்ன அழுத்தத்தில் அவர்களுக்கு நம்பாமல் இருக்க வழியில்லை.

ஒரு வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் அடுத்த வீடு சும்மா இருக்குமா? ஹேவ் தங்கைக்கு மட்டும் நடுவீட்டில் இடமா என்று எதிர்வீட்டில் நெவர் கிளம்பினாள். ஆல்ரெடி, ஜஸ்ட் என்று தெருவில் உள்ள நாத்தனார்கள் அத்தனை பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வில்லின் பெண்டாட்டி கொஞ்சம் முரண்டினாள். டோல்டே கொடுத்துவிட்டாள், உனக்கென்ன என்று கேட்டார்கள். அடங்கினாள். வீட்டுக்கு வீடு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. பிள்ளை பக்கத்தில் மட்டும் ஒருத்தியும் ஒருத்தியையும் விடவில்லை. நம் பிள்ளைகள் பரீட்சையில் டோல்டு ஆல்வேஸ் தி ட்ரூத் என்று எழுதிவிட்டு, அர்த்தந்தான் வருகிறதே, எதற்கு மார்க்கைக் குறைத்தார்கள் என்று வந்து கேட்கும். பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தால் குறைக்காமல் என்ன செய்வார்கள்?

டோல்டும் ஆல்வேஸும் அதற்குப் பிறகு சிநேகிதமாகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவுதான். ஹேவ் ஊரில் இல்லாத நாட்களில் டோல்டு பழையபடி டெல் ஆகி, பிறந்த வீட்டுப் பெயரோடு நிம்மதியாக நடப்பாள். அப்போதும் ஆல்வேஸை முன்னால் போ என்றுதான் சொல்வாள். ஐ ஆல்வேஸ் டெல் தி ட்ரூத். மாமியார் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும், மகன்தான் ஊரில் இல்லையே, அவனுக்கும் தனக்கும் நடுவில் வந்துவிட்டாள் என்று அவள் எப்படிச் சண்டை போட முடியும்?

ஆனாலும் முன்னும் பின்னுமாக நடக்கும் இரண்டு பெண்கள் எத்தனை நாள் பேசாமல் நடப்பார்கள்? மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை, எதிர்வீட்டுக்காரி பவிசைப் பற்றி ஒரு வார்த்தை என்று தொடங்கியது. ஹேவ் காதில் முணுமுணுப்பு மட்டும் விழும், விஷயம் விழாது. முன்பு பிள்ளை மேல் இருந்த பொறாமை இப்போது தங்கை மேல் திரும்பியது. தன் பெண்டாட்டி தினம் பார்ப்பது தன் முதுகை அல்ல, தங்கையின் முதுகை என்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. வரிசையில் நேராகப் போகும் நாளில் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. கேள்வி கேட்க வேண்டிய நாள் வந்தால் மட்டும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி அம்மாவுக்கும் முன்னால் போய் நின்றுகொள்வான். ஹேவ் ஐ ஆல்வேஸ் டோல்டு தி ட்ரூத் என்று வரிசை போகும். ஐ மகன் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டாள். இத்தனை தூரம் விலகிப் போனால் டோல்டு ஒரு தடவையாவது எங்கே போறீங்க என்று கேட்பாள் என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான்.

அன்றைக்கு வாய் இழுத்த அந்த இரண்டாவது மூச்சில் தொடங்கியதுதான், ஆங்கிலத்தில் துணைவினைக்கும் வினைக்கும் நடுவே வினையடை நிற்பது. கேள்வி வந்ததும் துணைவினை மட்டும் கோபித்துக்கொண்டு முன்னால் போவதும், பின்னாலிருந்து யாரும் அதைக் கூப்பிடாததும் அதற்குப் பிறகுதான்.